ஒரு மோல் சார்

மாடிப்படி நெடுக செருப்புகள், மேலே தகரக் கொட்டகை, ஒரு டியூப்லைட், ஒரு வெள்ளைப் பலகை. இவை சேர்ந்த இடத்தில் அவர் இருப்பார். நடுத்தரமான ஊர் எதுவானாலும் தெருவுக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் ஊருக்கு ஒருவர் நிச்சயம். வீட்டில் வைத்த பெயர் எதுவோ, பிள்ளைகள் வைத்த பெயர் ‘ஒரு மோல் சார்’. ப்ளஸ் ஒன் கரைசல்கள் பாடத்தில் எந்தக் கணக்கை நீட்டினாலும் அவர் வாயில் முதலில் வருவது இதுதான்: “மொத்தம் ஒரு மோல்னு வச்சுக்கோ.”

இதைக் கேட்டதும் பையன்களுக்கு வயிற்றில் புளி கரையும். கேள்வியில் இல்லாத ஒன்றை நாமாக எப்படி வைத்துக்கொள்வது? கொடுத்ததை மட்டும் எழுது என்றுதான் பள்ளிக்கூடம் இத்தனை வருஷமாகச் சொல்லி வந்திருக்கிறது. இவரோ கொடுக்காததிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறார். “நீர்க்கரைசலில் எத்தனாலின் மோல் பின்னம் 0.2, நிறைச் சதவீதம் என்ன?” என்று கேட்டால் பாதி வகுப்பு 20 என்று எழுதிவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிடும். அந்த 20-ஐப் பார்த்தால்தான் சாருக்கு ரத்தக் கொதிப்பு ஏறும்.

“டேய், பந்தியில பத்துப் பேர் உக்காந்திருக்கான். ரெண்டு பேர் பயில்வான், எட்டுப் பேர் நோஞ்சான். தலையை எண்ணினா பத்துக்கு ரெண்டு. தராசுல ஏத்தினாலும் அப்படியேவா வரும்?”

பயில்வான் எத்தனால், மோலுக்கு 46 கிராம். நோஞ்சான் தண்ணீர், 18 கிராம். 0.2 மோல் எத்தனால் 9.2 கிராம், 0.8 மோல் தண்ணீர் 14.4 கிராம். கூட்டினால் 23.6. அதில் 9.2 என்பது 39 சதவீதம். ஒரு மோல் என்றால் 6.022 × 10²³ மூலக்கூறுகள் என்று பயமுறுத்தி வைத்திருக்கிறார்களே, அத்தனை கூட்டமும் குழந்தைக்கு மருந்து புகட்டும் பாலாடைக்குள் அடங்கிவிடுகிறது. சார் இரண்டடி பின்னால் வந்து, இடுப்பில் கைவைத்து, தன் விடையைத் தானே ஒருமுறை ரசிப்பார். டஸ்டர் என்றைக்குமே கிடைக்காது, முழங்கைதான் டஸ்டர். ஆறு மணி பேட்ச் முடிவதற்குள் வலது சட்டைக்கை நீலமாகிவிடும். அதை உற்றுப் பார்த்தால் ஒரு 18 தெரிகிறது என்று முன்வரிசைப் பெண்கள் சத்தியம் செய்வார்கள்.

அவருடைய ஜென்மப் பகை, எதிர்த் தெருவில் ஏசி போட்ட கோச்சிங் சென்டர் தரும் ஷார்ட்கட். மோலாலிட்டி வேண்டுமா, கரைபொருளின் மோல் பின்னத்தை ஆயிரத்தால் பெருக்கு, கரைப்பானின் மோல் பின்னத்தாலும் மோலார் நிறையாலும் வகு. பத்து விநாடியில் 13.9 வந்துவிடும். அந்தச் சூத்திரம் சரியாக இருப்பதுதான் சாருக்கு வயிற்றெரிச்சல். ஆனால் நீட் தேர்வின் அவசரத்தில் 18 போட வேண்டிய இடத்தில் பையன் 46 போடுவான். 5.4 என்று வரும். வினா எடுத்தவர் மூன்றாவது விடையாக 5.4-ஐ முன்னாடியே உட்கார வைத்துவிட்டுக் காத்திருப்பார். வர வேண்டிய நாலு மார்க்கும் போய், கையிருப்பில் ஒன்றும் போகும். “பாதி தெரிஞ்சவனுக்கு மைனஸ் ஒண்ணு, ஒண்ணுமே தெரியாம சும்மா இருந்தவனுக்குப் பூஜ்யம். நாட்டு நடப்பே இதுல இருக்குடா!”

வைத்துக்கொள்ளும் பழக்கம் படியிறங்கி வீட்டுக்குள்ளும் போய்விட்டது. சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று இரண்டு நாளாகச் சொல்லிப் பார்த்த அவர் மனைவி, மூன்றாம் நாள் வெறும் காப்பியைக் கொண்டுவந்து வைத்தார். “போட்டிருக்குன்னு வச்சுக்கோங்க.” ஃபீஸ் விஷயத்திலும் இதே கதைதான். பாக்கி வைத்திருக்கும் பையனை வாய்விட்டுக் கேட்டதே கிடையாது. கொடுத்துவிட்டதாக வைத்துக்கொள்வார். இந்த ஒரு குணத்தால்தான் அவர் இன்னும் தகரக் கொட்டகையில் இருக்கிறார் என்பது என் கணிப்பு.

எத்தனால் கணக்கில் இன்னொரு சங்கடம். மொட்டை மாடிக் குரல் மூன்று வீட்டுக்குக் கேட்கும். ஒருமுறை “சாராயம் ரெண்டு பங்கு, தண்ணி எட்டுப் பங்கு” என்று அவர் உரக்கச் சொல்லப்போக, யாரோ ஒரு பையனின் பாட்டி படியேறி வந்து விசாரித்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து சத்தமாகச் சொல்லும் இடங்களில் எல்லாம் வெறும் ‘கரைபொருள்’தான்.

அப்படிக் காப்பாற்றி வந்த மானத்தைக் கடைசி வரிசைப் பையன் ஒருவன் ஒரே கேள்வியில் கப்பலேற்றினான்.

“சார், பாட்டில்ல 42.8னு போட்டிருக்கே, அது மோல் பின்னமா, நிறையா?”

கொட்டகையில் மின்விசிறிச் சத்தம் மட்டும். எந்தப் பாட்டில், யாருடைய பாட்டில் என்று வேறு எந்த வாத்தியாரும் கேட்டிருப்பார். சார் மார்க்கரின் மூடியைக் கழற்றிவிட்டார்.

“ரெண்டும் இல்லடா, அது கன அளவு. நூறு மில்லின்னு வச்சுக்கோ.”

42.8 மில்லி எத்தனால், அடர்த்தி 0.789, ஆக 33.8 கிராம். “மீதி 57.2 மில்லி தண்ணி சார்” என்று ஒரு பெண் முந்திக்கொண்டாள். “அங்கதான் தப்பு. ரெண்டும் கலந்தா சுருங்கும்மா. கூட்டிக் கழிக்கக் கூடாது, கரைசலோட அடர்த்தி வேணும். 0.94. அப்ப நூறு மில்லி 94 கிராம். 33.8 போனா தண்ணி 60.2.” மோலாக்கினால் 0.73, 3.34. மோல் பின்னம் 0.18. மொத்த பேட்சும் ஒரு புள்ளி விடாமல் எழுதிக்கொண்டது. ரௌல்ட் விதிக்குக் கிடைக்காத மரியாதை.

கீழே பைக்கில் காத்திருந்த அப்பா, “இன்னைக்கு என்னடா நடத்தினார்?” என்று கேட்டிருக்கிறார்.

“உங்க பாட்டில் கணக்குப்பா. சார் எல்லாருக்கும் போர்டுல போட்டுக் காட்டினார்.”

மறுநாள் காலை ஏழு மணிக்கு, மூன்று மாத பாக்கியும் யாரும் கேட்காமலே வந்து சேர்ந்தது.