பிளக் ஒயர் விசாரம்

பழைய மோட்டார் வண்டிகளைப் பற்றிப் பேச வாய்த்தவர்கள் அவற்றின் கம்பீரத்தையும், பின்னிருக்கையின் விசாலத்தையும், அந்தக் காலத்துத் தகட்டின் கனத்தையும் வியந்து போற்றுவார்களேயன்றி, டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து பிளக்குகளுக்குச் செல்லும் நான்கு கறுப்பு ஒயர்களையும், காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் ஐந்தாவது ஒயரையும் ஒரு பொருட்டாக மதித்து ஆராய்ந்தவர் அபூர்வம். இக்குறையை இயன்ற அளவு நிவர்த்திக்கக் கருதி, மோரிஸ் ஆக்ஸ்ஃபர்டின் வம்சத்தில் உதித்து வங்காளத்து உத்தர்பாராவில் 2014 வரை உற்பத்தியான அம்பாஸடர் காரை, அதிலும் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் பூண்ட அம்பாஸடரை, விசாரணைக்கு எடுத்துக்கொள்கிறோம். வங்காளத்து வண்டியை ஆராயத் தமிழனுக்கு என்ன அதிகாரம் என்று கேட்பவர்கள், 1961-இல் தோன்றிய லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனம் சென்னைப் பாடியில் இருந்துகொண்டு இந்நாட்டு வண்டிகளுக்கு டிஸ்ட்ரிபியூட்டரும் காயிலும் செய்து தந்ததை நினைவுகூர்ந்து அமைதியடைவார்களாக.

முதலில் நோயின் லட்சணம். நேற்றுவரை சாதுவாக ஓடிய வண்டி, இன்று காலையில் நெடுநேரம் உறுமிப் புறப்பட்டு, மேட்டில் திணறி, சமதரையில் குலுங்கி, சிக்னலில் நிற்கும்போது உடம்பெல்லாம் நடுங்கும். மெக்கானிக்குகளின் பரிபாஷையில் இதற்கு ‘மிஸ்ஸிங் அடிக்கிறது’ என்று பெயர். இதன் காரணம் குறித்து மூன்று பூர்வபக்ஷங்கள் உண்டு. பெட்ரோலில் கலப்படம் என்பது முதற்கட்சி. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது இரண்டாவது. எஞ்சினையே இறக்கிப் பிரித்தாலொழிய ஒன்றும் சொல்வதற்கில்லை என்பது மூன்றாவது. இம்மூன்றும் பெரும்பாலும் இந்த வரிசையிலேயே, ஒவ்வொன்றும் முந்தையதைவிட அதிகச் செலவில், பரீட்சிக்கப்படுகின்றன என்பது கவனிக்கத்தக்கது. வண்டியின் சொந்தக்காரர் தம் வண்டிக்கு வந்த பெரிய நோய்க்குத் தம் அந்தஸ்துக்கு ஏற்ற பெரிய காரணத்தையே எதிர்பார்க்கிறார். சில நூறு ரூபாய் ஒயர்தான் குற்றவாளி என்று எவரேனும் சொன்னால், நோய் நீங்கிய மகிழ்ச்சியைக் காட்டிலும் கௌரவம் குறைந்த வருத்தமே அவரிடம் மேலோங்குகிறது. இதுவே எம் சித்தாந்தம், எஞ்சியது நிரூபணம்.

பாட்டரி தருவது 12 வோல்ட். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் திறக்கும் கணத்தில் காயிலின் காந்தமண்டலம் சட்டென்று சரிந்து, பல்லாயிரம் சுற்றுக்களைக் கொண்ட அதன் இரண்டாம் சுருளில் ஏறக்குறைய 20,000 வோல்ட் வரை எழும்புகிறது. இந்த மகாசக்தியை ரோட்டார் முறைவைத்து நான்கு ஒயர்களுக்கும் பங்கிட்டளிக்க, ஒயர்கள் அதை பிளக்குகளிடம் சேர்க்கின்றன. எஞ்சின் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுழல்கையில் விநாடிக்கு 100 பொறிகள் தேவை. ஒவ்வோர் ஒயரும் விநாடிக்கு 25 தடவை இப்பணியைச் செய்கிறது. இதை எஞ்சினின் சூட்டிலும், எண்ணெய்க் கசிவிலும், இரவில் வந்து தங்கும் எலியின் பற்களுக்கு நடுவிலும் செய்கிறது என்பதை எண்ணினால், ஒயரின் மேலுறை நாளடைவில் வெடிப்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வெடிப்பு விழுந்த பின், மின்சாரம் பிளக்கின் இடைவெளியைத் தாண்டுவதற்குப் பதில், பக்கத்திலுள்ள இரும்பை நோக்கிக் குறுக்கு வழியில் இறங்கிவிடுகிறது. ஈரம் சேர்ந்தால் அதற்கு இன்னும் சௌகரியம். ஆயுத பூஜைக்காக பானட்டைத் திறந்து உள்ளும் புறமும் நீராட்டி, சந்தனம் குங்குமம் இட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்த வண்டி, பழத்தை நசுக்கும் அளவுக்குக்கூட நகராமல் நின்றுவிடுவது உண்டு. இதில் தெய்வக் குற்றம் ஏதுமில்லை என்பது எம் துணிபு. டிரைவர்கள் இதை ஏற்பதில்லை.

இனி பிரமாணங்கள். இருட்டிய பின் எஞ்சினை ஓடவிட்டு, பானட்டைத் தூக்கி, விளக்குகளை அணைத்துப் பார்த்தால், பழுதுபட்ட ஒயரின் மேல் நீலப் பொறிகள் ஊர்ந்து விளையாடுவதைக் காணலாம், இது பிரத்தியட்சம். ஓடும் எஞ்சினில் உறையிட்ட குறடால் ஒயர்களை ஒவ்வொன்றாக விலக்கினால், எதை விலக்கியபோது எஞ்சினின் ஓட்டத்தில் மாறுதல் இல்லையோ அந்த சிலிண்டர் முன்னரே வேலைநிறுத்தம் செய்திருக்கிறது என்பது அனுமானம். குறடில்லாமல் வெறுங்கையால் இதைச் செய்கிறவர்களுக்குக் கிட்டும் ஞானம் உடனடியானது. ஆயினும் அதை நாம் சிபாரிசு செய்வதில்லை. மலையில் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு உண்டு என்பது தர்க்க சாஸ்திரிகளின் தொன்மையான உதாரணம். அம்பாஸடரின் பின்புறத்தில் எரியாத பெட்ரோல் நெடியோடு புகை தெரிந்தாலோ, உள்ளே ஒரு சிலிண்டரில் நெருப்பு இல்லை என்றே கொள்ள வேண்டும். சாஸ்திரிகள் மாட்டுவண்டிக் காலத்தவர். இவ்விதிவிலக்கை அறியாதது அவர்கள் பிழையன்று.

மாற்றும் முறையில் முக்கியமான விதி, நான்கையும் ஒருசேரப் பிடுங்கக் கூடாது என்பது. நான்கு ஒயர்களை நான்கு துவாரங்களில் 24 விதமாகச் செருகலாம். அவற்றுள் ஒன்றே சரி. இந்த எஞ்சின் பொறி கேட்கும் வரிசை 1, 3, 4, 2. ரோட்டார் சுழல்வது இடஞ்சுழியாக. இவ்விரண்டில் ஒன்றை மறந்தவர்கள் பிரபஞ்சத்தின் மற்ற 23 சாத்தியங்களையும், கார்புரேட்டர் வழியாக வரும் வெடிச் சத்தத்தோடு, தெருவார் முன்னிலையில் ஆராய நேரிடும். ஆகையால் பழைய ஒயர் ஒன்றைக் கழற்று, அதே நீளமுள்ள புதியதை அதே இடத்தில் செருகு, பிறகு அடுத்ததைத் தொடு. ஒயரைக் கூர்முனைத் திருகால் குத்திப் பிடிக்கும் பழைய மாதிரி டிஸ்ட்ரிபியூட்டர் மூடியாக இருந்தால் செப்புக் கம்பி ஒயரே தகும். ரேடியோவின் கரகரப்பைக் குறைப்பதற்கென்று வந்த கார்பன் இழை ஒயர் அந்தத் திருகின் குத்தைத் தாங்காது. கையோடு கையாக பாயிண்டின் இடைவெளியை அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்காகவும், பிளக்கின் இடைவெளியை 25 பங்காகவும் வைத்துவிடுவது உத்தமம். ஃபீலர் கேஜ் கைவசம் இல்லாதவர்கள் பிளக்குக்கு ஹாக்ஸா பிளேடைச் செருகிப் பார்க்கும் வழக்கத்தை ஏளனம் செய்பவர்கள், அதன் கனம் ஏறத்தாழ அதே 25 பங்குதான் என்பதை ஒருமுறை அளந்து பார்க்கட்டும்.

கழற்றிய பழைய ஒயர்களின் கதி குறித்துக் கொள்கைக்கும் ஆசாரத்துக்கும் தீராத முரண்பாடு உண்டு. எறிந்துவிட வேண்டும் என்பதில் எல்லாக் கட்சியாரும் ஒருமனப்பட்டவர்கள். நடைமுறையிலோ அவை ரப்பர் வளையமிட்டுச் சுருட்டப்பட்டு, ஆபத்துக்கு உதவும் என்ற நம்பிக்கையில், டிக்கியில் ஸ்டெப்னி டயருக்கு அடியில் வைக்கப்படுகின்றன. பின்பு ஒரு மழை இரவில், ஊருக்கு வெளியே, புதிய ஒயர்களில் ஒன்று எலியால் துண்டிக்கப்பட்டிருக்க, டிக்கியைத் திறந்து அவற்றுள் ஒன்றை எடுத்து மாட்டுகிற டிரைவர், வண்டி மூன்றரை சிலிண்டரில் ஓடினாலும் வீடு வந்து சேர்ந்துவிட்டால், மறுநாள் அதை மாற்றுவதற்கு மறந்துபோகிறார்.