மாலை 5 மணி, பிரஸ்ஸல்ஸ் நேரம்

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதித் திட்டமான ஹொரைசன் யூரோப்புக்கு, 2021 முதல் 2027 வரை, ஏறத்தாழ 9,500 கோடி யூரோ. கூட்டு ஆய்வுக்கு நிதி கேட்பதென்றால், பொதுவாக மூன்று நாடுகளிலிருந்து மூன்று நிறுவனங்களாவது சேர வேண்டும். ஜாதகம் பார்க்க ஏது நேரம்? கடைசி வாரத்தில் சிக்கிய மூன்றாம் நாட்டுக்காரர், விண்ணப்பத்தில் நெடுநாள் கூட்டாளி ஆகிவிடுவார்.

விண்ணப்பத்தின் சிறப்பு, தாக்கம், செயலாக்கம் ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 5 மதிப்பெண். இன்னும் தொடங்காத ஆய்வால் ஐரோப்பா எப்படி மாறும் என்று விவரிப்பது தாக்கம். கண்டுபிடிப்பு எந்த மாதம் நிகழும் என்பதைக் கட்டம் போட்ட அட்டவணை முன்பே அறியும்.

பக்க வரம்பைத் தாண்டியவை மதிப்பீட்டாளர் கண்ணில் படாது. எழுத்தைச் சிறிதாக்கலாமென்றால், 11 புள்ளிக்குக் குறையக் கூடாதாம். பாதி வாதம் அடிக்குறிப்புக்குக் குடிபெயரும்.

கடைசி நாள் மாலை 5 மணிக்குக் கதவு மூடும். 4.50க்கு ஒரு கூட்டாளி, தன் பட்ஜெட்டை மட்டும் கொஞ்சம் உயர்த்த முடியுமா என்பார்.