பேஸ் விலக்கம்: சிலாபம் முதல் கற்பிட்டி வரையான முச்சக்கரவண்டிகளை முன்வைத்து

இபின் பதூதா 1344இல் புத்தளத்தில் கரையிறங்கினார். ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டார், அவரிடமிருந்த முத்துகளைக் கண்டார், கரையில் கறுவாக் கட்டைகள் ஒதுங்கிக் கிடந்ததையும் எழுதிவைத்தார். சப்வூஃபரைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. எனவே 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இக்கரையோரத்தில் சப்வூஃபர் வழக்கில் இருக்கவில்லை என்பது ஐயத்துக்கிடமின்றிப் பெறப்படும். இந்த மௌனச் சான்றை ஏற்காதோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விஜயன் இறங்கிய தம்பபண்ணியையும் பிளினி சொன்ன ஹிப்புரோசையும் குதிரைமலைப் பக்கம் தேடியவர்கள் இதைவிடப் பெரிதாக எதையும் கையில் வைத்திருக்கவில்லை.

ஆய்வுப் பொருளுக்கு வருவோம். சிலாபத்திலிருந்து புத்தளம் போகும் ஏ3 வீதியிலும், பாலாவியில் பிரிந்து கற்பிட்டிக்குப் போகும் வீதியிலும் ஓடும் முச்சக்கரவண்டிகளில், பின் ஆசனத்துக்குப் பின்னால் இரண்டு சிறிய ஸ்பீக்கர்கள் இருக்கும். கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் நடுவில் ஒரு சப் வந்து உட்காரும். அதன் பிறகும் சிறியவை இரண்டுக்கும் பழையபடி முழுப் பாட்டும் போய்க்கொண்டேயிருக்கும். ஒவ்வொரு அடி விழும்போதும் அவற்றின் கோன் வெளியே பிதுங்கும். பாடகர் வண்டிக்குள்ளேயே குளிரில் நிற்பவர்போல் நடுங்குவார். இது பௌதிகம். சத்தம் அதே அளவில் வர வேண்டுமானால், மீடிறன் பாதியாகும்தோறும் கோன் நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். ஆறு அங்குலக் கோனுக்கு அவ்வளவு இடமில்லை. 80 ஹேர்ட்சுக்குக் கீழே உள்ளதைச் சப்பிடம் விட்டுவிட்டு, சிறியவற்றை அந்தச் சுமையிலிருந்து விடுவிப்பதே வழி. தனியாக மின்சாரம் கேட்காத எளிய வடிகட்டி இதற்குப் போதும்.

வடிகட்டி மூவகைப்படும்.

முதலாவது, ஆம்பிளிஃபயருக்கு முன்னால் வைப்பது. உள்ளீட்டுத் தடை 22 கிலோஓம் என்றால் 0.1 மைக்ரோஃபரட் கப்பாசிட்டர் 72 ஹேர்ட்சில் வெட்டும். ஒழுங்காக வேலை செய்வதால் இதில் ஆய்வுக்கு இடமில்லை.

இரண்டாவது, கோயில் குழாய். குழாய் ஸ்பீக்கர் தன் வாயின் அளவுக்குக் கீழ்ப்பட்ட சுரத்தைத் தானாகவே விழுங்கிவிடும். உடப்பில் தீமிதிக்கும் தலவிலையில் அன்னம்மாள் திருவிழாவுக்கும் கட்டலாம். முச்சக்கரவண்டிக்குள் கட்டினால் பயணி இறங்கிவிடுவார்.

மூன்றாவதே விரிவான ஆய்வுக்குரியது: ஸ்பீக்கருக்குப் போகும் வயரில் தொடராகக் கப்பாசிட்டர் போடுவது. ஒன்றை 2π, தடை, மீடிறன் ஆகிய மூன்றின் பெருக்கத்தால் வகுத்தால் வேண்டிய அளவு கிடைக்கும். 80 ஹேர்ட்சில் வெட்ட, வீட்டிலுள்ள 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஏறக்குறைய 250 மைக்ரோஃபரட், வண்டியின் 4 ஓமுக்கு 500. (1930இல் ஸ்டீபன் பட்டர்வர்த் எழுதிய வடிகட்டிக் கட்டுரை இங்கே மேற்கோள் காட்டப்படுகிறது. எல்லாரும் காட்டுகிறார்கள், வாசித்தார்களா என்று கேட்பது மரபன்று.)

இனி அந்தக் கப்பாசிட்டரின் மேலுறைச் சாசனம். கறுப்புத் தோலில் வெள்ளி எழுத்து, மூன்று வரி: 1000 மைக்ரோஃபரட், 25 வோல்ட், 105 பாகை. மூன்றாம் வரியைப் பற்றி அறிஞரிடையே கருத்தொற்றுமை இல்லை. ஒரு சாரார் அதை விலை என்பர். கடைக்காரர் சிரித்ததால் இக்கொள்கை கைவிடப்பட்டது. மறு சாரார் அது தாங்கும் வெப்பம் என்பர். பாலாவி உப்பளத்தோரம் பகல் பன்னிரண்டு மணிக்கு வண்டியை நிறுத்திவைத்தவர்கள் இக்கூற்றை ஆதரிக்கின்றனர். (காண்க: மேலுறை, வரி 3. ஒப்புநோக்குக: அதே உறை, அதே வரி, கடை விளக்கின் கீழ். மாறுபட்ட பாடத்துக்கு: அதே உறை, அதே வரி, கண்ணாடி போட்டபின்.)

சாசனத்தின் பக்கவாட்டில் ஒரு வெள்ளைப் பட்டை ஓடுகிறது. அதில் வரிசையாகக் கழித்தற் குறிகள். அது எதிர்முனை. ஸ்பீக்கர் வயரில் மின்னோட்டம் முன்னும் பின்னும் ஓடுவதால், முனை பார்க்கும் கப்பாசிட்டரைத் தனியாகப் போட்டால் அது நாளாவட்டத்தில் ஊதி வெடிக்கும். முனையில்லாதது கடையில் கிடைக்காவிட்டால், 1000 மைக்ரோஃபரட் இரண்டை எடுத்துக் கழித்தலோடு கழித்தலைச் சேர்த்துப் பற்றவைத்தால், முனையற்ற 500 கிடைக்கும். 4 ஓமுக்கு அச்சொட்டாக 80 ஹேர்ட்ஸ். இரண்டு சேர்ந்தால் பாதியாகும் இவ்விதி, இருவர் கூட்டாக எழுதும் ஆய்வுநூல்களுக்கும் செல்லும் என்பர். அவசரத்தில் 470 இரண்டைச் சேர்த்தவரின் வண்டியில் 169 ஹேர்ட்ஸுக்குக் கீழே இறக்கம் தொடங்கிவிடும். ஆண் குரலெல்லாம் தகர டப்பாவுக்குள்ளிருந்து வரும்.

கணக்குப்படி 80இல் ஸ்பீக்கருக்குப் போகும் சக்தி பாதியாகும், 40இல் ஐந்திலொன்றாகும். வண்டியில் அப்படி நடப்பதில்லை. 4 ஓம் என்பது பெட்டியில் அச்சிட்டது. கோன் தன் இயல்பான மீடிறனில் அதிரும்போது ஸ்பீக்கரின் தடை பல மடங்கு ஏறும். அந்த இடத்தில் கப்பாசிட்டரின் பிடி தளர்ந்துவிடும். எங்கே வெட்ட வேண்டுமோ, அங்கேதான் குறைவாக வெட்டுகிறது. முதலாம் வகைக்கு இந்தக் கோளாறு கிடையாது. ஆனால் அதை ஒரே வரியில் முடித்தாயிற்று. மீண்டும் திறந்தால் இயல் பகுப்புக் குலைந்துவிடும்.

வாட் கணக்கு ஒரு பத்திக்கு மேல் பெறாது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் கொள்ளளவு 900 மெகாவாட்; அதில் தகராறில்லை. அதைத் தாண்டி ஓடும் வண்டியின் சப் பெட்டியில் 1000 வாட் என்று ஒட்டியிருந்தால், பற்றரி 12 வோல்ட், பியூஸ் 10 அம்பியர் எனப் பெருக்கிப் பார்க்க: 120. மீதி ஒட்டுத்தாளிலேயே தங்கிவிடுகிறது (காண்க: ஒட்டுத்தாள், தங்க நிற எழுத்து, குறிப்பாக ஆச்சரியக்குறிகள்).

பற்றவைத்த இணைப்புகளை உப்புக்காற்றுப் படாமல் ரப்பர் உறைக்குள் விட வேண்டும். இல்லாவிட்டால் செம்பு பச்சை பிடித்து, யாரும் கணக்கிடாத தடை ஒன்று சுற்றில் சேரும். இவ்வளவும் செய்து முடித்தபின் பாடகரின் குரல் தெளிந்துவிட்டது. சப் அடிக்கும்போது பின் இலக்கத்தகடு கிடுகிடுப்பதை எவ்வகை வடிகட்டியும் நிறுத்தவில்லை. இது தனியாக ஆராயத்தக்கது. முதன்மைச் சான்றான ஆணி கிடைக்கவில்லை (காண்க: ஆணி இருந்த துளை, இடமிருந்து இரண்டாவது).