மூன்றடிச் சந்து

காரைக்காலில் ஒரே வேளைச் சாப்பாட்டுக்குள் தீர்ந்த தகராறு ஒன்றே ஒன்றுதான். காரைக்கால் அம்மையாரின் கணவன் பரமதத்தன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய மாம்பழம் இரண்டு. இலையில் விழுந்ததும் இரண்டு. ஆனால் இரண்டாவது பழம் தான் அனுப்பியதில்லை என்று அவன் நாக்கு சாட்சி சொல்லிவிட்டது. வக்காலத்து இல்லை, வாய்தா இல்லை. ஆள் கப்பலேறிப் போய்விட்டான். ஆனி மாதம் மாடியில் நின்று ஊர் இன்னமும் மாங்கனி இறைப்பது அந்த வேகத்தைக் கொண்டாடத்தானோ என்று எனக்குச் சந்தேகம்.

இப்போது அதே ஊரில் அண்ணன் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் நடுவே மூன்றடிச் சந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்சீப் கோர்ட்டில் பிராது. இடைக்காலத் தடை. அளந்து பார்க்க கமிஷனர் வருவார். டேப்பின் ஒரு முனை அண்ணன் கையில், மறுமுனை தம்பி கையில். அப்பாவின் பாடைக்குப் பிறகு இருவரும் சேர்ந்து பிடித்தது அதைத்தான். கமிஷனருக்குக் கட்டணம், கார் வாடகை, சாப்பாடு. தாத்தா காலத்துத் தாய்ப்பத்திரம் பிரெஞ்சில் இருந்தால் மொழிபெயர்க்க ஒரு செலவு. பத்திரத்தில் ஆர், சென்டியார். ஊர் வாயில் குழி, மா. அந்தக் குழியில் விழுந்து எழவே இரண்டு வருஷம்.

வாய்தாவுக்குப் போனால் நீதிபதி விடுப்பு. அடுத்த வாய்தாவில் எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் காய்ச்சல். அதற்கடுத்தது மே மாதம், கோடை விடுமுறை. இரண்டு வக்கீல்களும் கோர்ட் வாசல் டீக்கடையில் ஒரே தட்டில் பஜ்ஜி சாப்பிடுவார்கள். அண்ணனும் தம்பியும்தான் ஆளுக்கொரு மரத்தடி.

பக்கத்தில்தான் திருநள்ளாறு. சனி பகவானுக்கே ஏழரை வருஷம் என்று ஒரு கெடு உண்டு.

தோற்றவன் அப்பீல் போவான். ஜெயித்தவனும் பின்னாலேயே போக வேண்டும். செகண்ட் அப்பீலுக்குச் சென்னை, சுமார் 300 கிலோமீட்டர். சந்து என்னவோ மூன்றடிதான். நடுவில் அண்ணன் செத்தால் 90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க மனுப் போட வேண்டும். தவறினால் வழக்கும் உடன்கட்டை ஏறும்.

டிக்ரி வந்தால் சந்து வந்துவிடும் என்று நம்புகிறவன் கோர்ட்டுக்குப் புதுசு. அதற்கு நிறைவேற்று மனு என்று இன்னொரு வழக்கு இருக்கிறது. அதை ஆறு மாதத்தில் முடியுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2021-லேயே சொன்னது. யாரும் முடிக்கவில்லை. 2025 மார்ச்சில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் அதே நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1980-ல் எழுதிய கிரய ஒப்பந்தம், இன்னும் அனுபவத்துக்கு வராத நிலம். ஆறு மாதம் என்று மறுபடி சொன்னார்கள். நாடு முழுக்கக் கணக்கும் கேட்டார்கள். வந்த கணக்கு: 8.82 லட்சம் நிறைவேற்று மனுக்கள் நிலுவை. நீதிமன்றம் கவலை தெரிவித்தது. நீதிமன்றத்தின் உத்தரவே நீதிமன்றத்தில் நிறைவேறவில்லை. இதற்கு யாரிடம் நிறைவேற்று மனுப் போடுவது?

சரி, கோர்ட் வேண்டாம், அதிகாரியிடம் போவோம் என்கிறீர்களா? கோவில்பத்து பார்வதீஸ்வரர் கோயில் நிலத்துக்குப் போலி ஆவணம் தயாரித்து மனை போட்டு விற்ற வழக்கில் 2024-ல் கைதானவர்களில் காரைக்கால் துணை ஆட்சியரும் ஒருவர். நிரூபணமாகும் வரை நிரபராதி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிலத் தகராறு என்றால் நாம் மனுவோடு போய் நிற்க வேண்டிய நாற்காலி அது.

சட்டத்தின் கண்ணில் சாமி என்றைக்கும் மைனர். சொத்து அவர் பேரில், கையெழுத்து மற்றவர்கள் கையில். ஆனாலும் நம்மைவிட அவர் பாடு தேவலை. வாரிசுச் சான்றுக்கு யாரும் தாலுகா ஆபீஸ் வராந்தாவில் காத்துக் கிடக்க வேண்டாம். தீர்ப்பு வரும்போது உயிரோடு இருக்கப் போகிற ஒரே வாதி அவர்தான்.