58 காசும் ஒரு சிவப்பு வேனும்

அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கணக்குப் பிரிவில் 31 வருஷம் குப்பை கொட்டியவனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த வண்டியைப் பார்த்தாலும் அது அழகா, சொகுசா என்று மனசு கேட்காது. கிலோமீட்டருக்கு எவ்வளவு என்றுதான் கேட்கும். கல்யாண ஊர்வலத்தில் சாரட்டு வந்தால் எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்ப்பார்கள். நான் பெண்ணின் அப்பாவை ஓரமாக அழைத்துப் போய், "கோயில்லேருந்து மண்டபம் ரெண்டு கிலோமீட்டர் இருக்குமா? வாடகை என்ன சொன்னான்?" என்று விசாரித்து, ஏற்கெனவே வியர்த்திருப்பவரை இன்னும் வியர்க்க வைப்பேன்.

இப்பேர்ப்பட்டவனை நியூஜெர்ஸியில் இருக்கும் மகளும் மாப்பிள்ளையும் ஃபுளோரிடாவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்கு அழைத்துப் போனார்கள். பேத்திக்கு ஐந்து வயது. அவளுக்கு மிக்கி மவுஸைப் பார்க்க வேண்டும். என் மனைவிக்குப் பேத்தி சந்தோஷப்படுவதைப் பார்க்க வேண்டும். எனக்கு அங்கே பஸ் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும்.

முதல் நாள் சாயங்காலம் விடுதி வாசலில் அந்த வேன் வந்து நின்றது. சிவப்பு உடம்பு, மேலே வெள்ளை வெள்ளையாக வட்டப் புள்ளிகள். மின்னி மவுஸின் பாவாடைத் துணியில் மிச்சமிருந்ததை எடுத்து வண்டிக்கு உறை தைத்தது போல இருந்தது. பெயரே 'மின்னி வேன்'. ஓட்டுபவர் டிஸ்னியின் ஊழியராம். ஆறு பேர் உட்காரலாம். குழந்தைக்கான இருக்கை உள்ளேயே தயாராக இருக்குமாம். போனில் கூப்பிட்டால் வாசலுக்கு வரும்.

"இது எவ்வளவு மாப்ளே?"

மாப்பிள்ளை போனைத் தட்டினார். மறுநாள் மகளின் சிநேகிதி குடும்பம் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தது. அவர்கள் தங்கியிருந்தது அனிமல் கிங்டம் லாட்ஜ். எங்கள் விடுதியிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள்தான்.

"40 டாலர் காட்டுது மாமா."

நான் அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். டாலருக்கு 85 என்று வைத்தாலும் 3,400 ரூபாய். தமிழ்நாட்டில் 2018-இல் கட்டணம் ஏற்றியபோது ஊரே கொந்தளித்தது. கடைசியில் சாதாரண வெளியூர் பஸ்ஸுக்கு நின்ற கட்டணம் கிலோமீட்டருக்கு 58 காசு. 3,400 ரூபாயை 58 காசால் வகுத்தால் 5,862 கிலோமீட்டர். அதாவது மதுரையிலிருந்து சென்னைக்கு ஆறு தடவை போய்த் திரும்பி, ஏழாவது தடவையும் கிளம்பலாம். திண்டிவனம் தாண்டித்தான் கண்டக்டர் விசில் அடித்து இறக்கிவிடுவார்.

இந்த ஆராய்ச்சி முடிவை இரவுச் சாப்பாட்டின்போது வெளியிட்டேன். மகள் கண்ணை மூடிக்கொண்டாள். மனைவி மட்டும் நிதானமாகக் கேட்டாள்.

"ஏங்க, அந்த 58 காசு ஒரு ஆளுக்குத்தானே?"

"ஆமா."

"வேன்ல நாம அஞ்சு பேர் போறோமே?"

31 வருஷத்தில் எத்தனையோ டெப்போக் கணக்குகளில் ஓட்டை கண்டுபிடித்தவன் நான். என் கணக்கில் ஓட்டை கண்டுபிடித்தது, வீட்டுப் பால் கணக்கைத் தவிர எதையும் எழுதாத ஒரு பெண்மணி. ஐந்தால் வகுத்ததில் ஏழாவது பயணத்துத் திண்டிவனம் போயே போய்விட்டது. ஆறு பயணங்களில் ஐந்தும் போயின. மிஞ்சியது ஆளுக்கு 1,172 கிலோமீட்டர். சென்னை போய் மதுரைக்குத் திரும்பி, மறுபடி கிளம்பித் திருச்சியைத் தாண்டலாம். "அப்பவும் அநியாயம்தான்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன்.

இலவச பஸ்ஸிலேயே போவது என்று தீர்மானம் நிறைவேறியது. ஆதரவு ஒரு ஓட்டு, எதிர்ப்பு மூன்று. பேத்தி நடுநிலை. நான் வயதில் மூத்தவன் என்பதால் நிறைவேறியது.

அந்த இடத்தின் போக்குவரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வால்ட் டிஸ்னி கலிஃபோர்னியாவில் 1955-இல் முதல் பூங்காவைத் திறந்ததும், சுற்றிலும் பிறத்தியார் கட்டிய விடுதிகளும் கடைகளும் வேலிவரை வந்து நெருக்கின. அதில் சூடு கண்டவர், ஃபுளோரிடாவில் வேறு வேறு கம்பெனிப் பெயர்களில் ஓசைப்படாமல் நிலம் வாங்கினார். 1965-இல் விஷயம் வெளியே வருவதற்குள் பெரும்பகுதி வாங்கியாகிவிட்டது. 1971-இல் பூங்கா திறந்தபோது அவர் உயிரோடு இல்லை. இன்றைக்கு மொத்தம் சுமார் 100 சதுரக் கிலோமீட்டர். மதுரை மாநகராட்சியில் மூன்றில் இரண்டு பங்கு. அதற்குள் நான்கு பெரிய பூங்காக்கள், இரண்டு நீர்ப் பூங்காக்கள், விடுதிகள், கடைவீதி, ஏரி, காடு. நடந்து போகிற தூரத்தில் அநேகமாக எதுவுமே இல்லை.

ஆகவே பஸ் உண்டு, படகு உண்டு, மோனோரயில் உண்டு, 2019 முதல் ரோப் காரும் உண்டு. எல்லாம் இலவசம். பழனியில் முருகனைப் பார்க்க ரோப் காரில் போனால்கூடக் காசு வாங்குகிறார்கள். இங்கே சும்மா ஏற்றி, சும்மா இறக்கிவிடுகிறார்கள். எனக்கு நெகிழ்ச்சியாக இருந்தது.

நெகிழ்ச்சி பஸ்ஸில் ஏறும்வரைதான் இருந்தது. கண்டக்டர் இல்லை. டிக்கெட் இல்லை. ஜனங்கள் ஏறுகிறார்கள், உட்காருகிறார்கள், இறங்கிப் போகிறார்கள். எத்தனை பேர் என்று ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. ஸ்டேஜ் இல்லை, இன்வாய்ஸ் இல்லை, வசூல் இல்லை. என் வாழ்நாள் உழைப்பை யாரோ ரப்பர் வைத்து அழித்த மாதிரி இருந்தது. மனசு கேட்காமல் விடுதியில் கொடுத்த வரைபடத்தைச் சின்னச் சின்னதாகக் கிழித்து, பேத்திக்கு ஒன்று கொடுத்தேன்.

"டிக்கெட், டிக்கெட்! உள்ளே தள்ளிப் போம்மா! படியில நிக்காதே!"

அவ்வளவுதான். குழந்தை அந்த விளையாட்டைப் பிடித்துக்கொண்டது. பாட்டிக்கு டிக்கெட், அம்மாவுக்கு டிக்கெட், முன் சீட்டில் இருந்த பிரேசில்காரருக்கும் ஒரு டிக்கெட். அவர் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். செக்கிங் வந்தால் காட்ட வேண்டும், தொலைத்தால் 500 ரூபாய் வரை அபராதம் என்பதையும் பேத்திக்குச் சொல்லிக் கொடுத்தேன். சில பாடங்களைச் சின்ன வயதிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் அது நமக்கே வந்து சேரும் என்பது அப்போது தோன்றவில்லை.

ஒரு விஷயத்தை நான் கவனிக்கத் தவறியிருந்தேன். பஸ்கள் விடுதியிலிருந்து பூங்காவுக்குப் போகும். விடுதியிலிருந்து இன்னொரு விடுதிக்கு நேராகப் போகாது. இடையில் ஒரு பூங்காவிலோ கடைவீதியிலோ இறங்கி மாற வேண்டும். நம் ஊரிலும் சுற்றுப்பட்டியில் ஒரு கிராமத்திலிருந்து பக்கத்துக் கிராமத்துக்குப் போக மதுரை மாட்டுத்தாவணி பஸ் நிலையம் வந்து மாறுவதில்லையா, அதே ஏற்பாடு. வழித்தடம் போடுகிறவனுக்கு இதுதான் நியாயம். அந்த நியாயத்தை நான் விளக்கி முடிக்கும்போது நாங்கள் முக்கால் மணி நேரம் தாமதமாகியிருந்தோம்.

அனிமல் கிங்டம் லாட்ஜில் ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி மேய்வதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம். சநா என்ற அங்குள்ள உணவகத்தில் நான் ரொட்டி, குல்ச்சா வகையறாவோடு தொட்டுக்கொள்ள ஒன்பது கிண்ணம் வருகிறது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சிநேகிதி குடும்பம் எட்டுக் கிண்ணங்களைக் காலி செய்திருந்தது. மிச்சமிருந்தது காரமான ஊறுகாய். ஒட்டகச்சிவிங்கியும் தூரமாகப் போய்விட்டிருந்தது.

"எனக்கு ஊர்லயே 2021-லேருந்து டவுன் பஸ் ஃப்ரீ. சும்மா போற பஸ்ஸுல ஏறவா இத்தனை கடல் தாண்டி வந்தேன்?" என்றாள் மனைவி. ஊறுகாயைவிடக் காரமாக இருந்தது.

மறுநாள் மேஜிக் கிங்டம் பூங்கா. பஸ் வேண்டாம் என்பதில் வீடு ஒன்றாக நின்றது. வேன் வேண்டாம் என்பதில் நான் ஒன்றாக நின்றேன். வேனின் 40 டாலருக்கு எதிரே சாதாரண வாடகைக் கார் போனில் 14 டாலர் காட்டியது. சமரசம் என்று அறிவித்தேன். ஆனால் அதில் குழந்தை இருக்கை கிடையாது. மகள் இருக்கை இல்லாமல் பேத்தியை ஏற்ற மாட்டாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த பூஸ்டர் இருக்கையை நானே தூக்கிவருவதாக வாக்குக் கொடுத்தேன். 26 டாலர் மிச்சப்படுத்துகிறவன் ஒரு பிளாஸ்டிக் இருக்கையைச் சுமக்க மாட்டானா?

கார் நல்ல வேகத்தில் போய், ஒரு பெரிய வாகன நிறுத்தத்தில் இறக்கிவிட்டது. "கோட்டை எங்கே தாத்தா?" என்றாள் பேத்தி. கோட்டை ஏரிக்கு அக்கரையில் இருந்தது.

நான் விசாரிக்காமல் விட்ட விஷயம் இதுதான். வெளி வாடகைக் கார்கள் மேஜிக் கிங்டம் வாசல்வரை போக முடியாது. ஏரிக்கு இக்கரையில் இறங்கி, படகிலோ மோனோரயிலிலோதான் போக வேண்டும். புள்ளி போட்ட வேன் மட்டும் வாசலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடும்.

"பஸ்?" என்று மனைவி கேட்டாள்.

"பஸ்ஸும் வாசலுக்குப் பக்கத்துலதான் அத்தை விடும்" என்றார் மாப்பிள்ளை, தரையைப் பார்த்துக்கொண்டு.

ஆக, சும்மா போனாலும் வாசல், 40 டாலர் கொடுத்தாலும் வாசல். 14 டாலர் கொடுத்தவனுக்கு மட்டும் ஏரி. படகின் பெயர் 'ஜெனரல் ஜோ பாட்டர்'. பனாமா கால்வாய்ப் பகுதிக்குக் கவர்னராக இருந்துவிட்டு டிஸ்னியிடம் வேலைக்கு வந்தவராம். இரண்டு சமுத்திரங்களை இணைக்கும் கால்வாயைக் கட்டிக் காத்தவரின் பெயரைத் தாங்கிய படகில், பூஸ்டர் இருக்கையை மார்போடு அணைத்தபடி நின்றேன்.

படகில்தான் மாப்பிள்ளை அந்தக் கணக்கைச் சொன்னார். அவர் மென்பொருள்காரர். பேச்சு குறைவு. ஆனால் அடித்தால் ஒரே அடி.

"மாமா, இன்னிக்கு டிக்கெட் ஆளுக்கு 160 டாலர் சொச்சம். அஞ்சு பேருக்கு 800. பூங்கா காலை ஒன்பதுலேருந்து ராத்திரி பத்துவரை. 13 மணி நேரம். 780 நிமிஷம்."

நான் வாயைத் திறக்கவில்லை. விடை எனக்கே வந்துவிட்டது. நிமிஷத்துக்கு ஒரு டாலர். இந்தக் கரைக்கு வந்து, சோதனைக்கு நின்று, படகுக்கு நின்று, ஏரியைக் கடந்த வகையில் 40 நிமிஷம். 26 டாலரை மிச்சம் பிடித்து 40 டாலரைத் தண்ணீரில் விட்டிருக்கிறேன்.

அந்த வேனின் விலை ரகசியம் அப்போதுதான் புரிந்தது. தூரத்துக்கு அது காசு வாங்கவில்லை. நாமே தலைக்கு 160 கொடுத்து நம் நிமிஷங்களைத் தங்கமாக்கிக்கொண்டு உள்ளே வருகிறோம். தங்கம் சிந்தாமல் தூக்கிப் போவதற்குத்தான் கூலி. 2017-இல் அந்த வேன் ஆரம்பித்தபோது எங்கே போனாலும் ஒரே கட்டணமாக 20 டாலர்தான் இருந்ததாம். பிறகு 25 ஆகி, அதற்கும் பிறகு தூரத்துக்குத் தகுந்தபடி மாறியது. கொரோனாவில் நின்று, 2022-இல் திரும்பவும் ஓடத் தொடங்கியது. ஒரே டிக்கெட்டிலிருந்து ஸ்டேஜுக்கு மாறியிருக்கிறார்கள். துறை ரீதியாக நான் செய்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

இந்தக் கணக்கு தலைக்குள் புகுந்த பிறகு அன்றைக்கு எனக்கு நிம்மதி போயிற்று. ஏழு குள்ளர்களின் சுரங்க ரயிலுக்கு 70 நிமிஷம் வரிசையில் நின்றோம். 70 டாலர். பேத்தி கழிப்பறைக்குப் போனாள். 9 டாலர். என் மனைவி ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த குஜராத்திப் பெண்மணியிடம் மருமகள்களைப் பற்றி ஹிந்தியில் பேசினாள். எங்களுக்கு மருமகளும் கிடையாது, அவளுக்கு ஹிந்தியும் தெரியாது. 22 டாலர்.

"கிளம்பலாமா? மீட்டர் ஓடுது" என்றேன்.

"முப்பது வருஷமா சாயங்காலம் ஆனா ஈசிசேர்ல சாய்ஞ்சு மோட்டுவளையப் பாத்துட்டு இருப்பீங்களே, அதுக்கு எவ்வளவு பில்?" என்றாள். பக்கத்தில் இருந்த குஜராத்திப் பெண்மணி, ஒரு சொல்கூடப் புரியாமல், முழு உடன்பாட்டோடு தலையாட்டினார்.

இரவு வாணவேடிக்கை முடிந்ததும் மீனாட்சி கல்யாணம் கலைந்தது போல ஜனங்கள் ஒரே திசையில் நகர்ந்தார்கள். பேத்தி என் இடது தோளில் தூங்கிவிட்டாள். வலது கையில் பூஸ்டர் இருக்கை. பஸ் வரிசை பாம்பு போல வளைந்து கிடந்தது. மாப்பிள்ளை போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. தோளில் தூங்குகிற ஐந்து வயதுக் குழந்தை முதல் பத்து நிமிஷம் 18 கிலோ. அதற்குப் பிறகு எடை மேடைக்கே தெரியாது.

"அந்தப் புள்ளி வேனைக் கூப்பிடுங்க மாப்ளே" என்றேன். மகள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

43 டாலர். வேன் வந்தது. உள்ளே குளிர். இருக்கை தயார். ஓட்டுநர் அம்மாள் சிரித்த முகத்தோடு கதவைத் திறந்துவிட்டார். பிளாஸ்டிக் பூஸ்டரைக் காலடியில் போட்டுவிட்டுச் சாய்ந்தேன். கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று கணக்குப் போட மூளை கிளம்பியது. பாதி வழியில் அதுவும் அசந்துவிட்டது.

பேத்தி கண் விழித்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"தாத்தா, டிக்கெட்?"

பையைத் துழாவினேன். 43 டாலர் கட்டியாகிவிட்டது, போனில் ரசீது இருக்கிறது என்று மாப்பிள்ளையும் சாட்சி சொன்னார். செல்லாது. கிழித்த காகிதம் இல்லை. டிக்கெட் இல்லாப் பயணம் என்று எத்தனையோ அறிக்கைகளுக்குக் கையெழுத்துப் போட்டவன், அன்றைக்குக் கையும் களவுமாகப் பிடிபட்டேன். அபராதம், மிக்கி காது வைத்த ஐஸ்க்ரீம் ஒன்று. மறுநாள் காலையில் பத்து மணிக்குள் செலுத்த வேண்டும்.

செலுத்தினேன். ஆறு டாலருக்குக் கொஞ்சம் மேல். 85-ஆல் பெருக்கவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? பெருக்கினேன். சில்லறையை விட்டுவிட்டால் 510 ரூபாய். கழக விதிப்படி 500-க்கு மேல் வசூலிக்கக் கூடாது. செக்கிங் அதிகாரி பத்து ரூபாய் கூடுதலாக வாங்கியிருக்கிறார்.

ஆடிட் அப்ஜெக்‌ஷன் எழுதாமல் விட்ட ஒரே கணக்கு அதுதான்.