அண்ணாச்சி வந்து பார்க்கட்டும்

புது இஞ்சின் வாங்கப் பணம் இருந்தால் போதும். பழைய இஞ்சின் வாங்க அண்ணாச்சி வேண்டும்.

தூத்துக்குடிக்குத் தெற்கே எந்தக் கடற்கரை ஊருக்குப் போனாலும் இப்படி ஒருவர் அகப்படுவார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டார்; போகிறவர்களுக்கு யோசனை சொல்வதை நிறுத்தவில்லை. வள்ளத்தின் பின்பலகையில் மாட்டுகிற இஞ்சின் ஒன்று விலைக்கு வருகிறது என்று தெரிந்தால், வாங்கப்போகிறவன் நேரே அவர் வீட்டு வாசலில் வந்து நிற்பான். “நாளைக்கு வெள்ளன வந்துருங்க அண்ணாச்சி.” “எனக்கு எங்கல நேரம்?” என்பார். மறுநாள் விடியும் முன்பே சட்டை மாட்டிக்கொண்டு தெருவில் நிற்பார்.

போன இடத்தில் பேச்சுக்கு முன்னால் கைதான் வேலை செய்யும். விற்பவர் மூடியைக் கழற்றியதுமே அண்ணாச்சியின் உள்ளங்கை சிலிண்டர் மேல் போய் உட்காரும். சுடும். “நாங்க வாரதுக்கு முன்னாடியே ஒரு ஓட்டம் ஓட்டிட்டியோ?” ஆறிக் கிடக்கிற இஞ்சின்தான் உண்மையைச் சொல்லும், சூடேறிவிட்டால் எந்த ஓட்டையும் ஒரே இழுப்பில் கிளம்பிவிடும். அதனால் அது ஆறும்வரை எல்லாரும் உட்கார வேண்டும் என்பது அண்ணாச்சியின் உத்தரவு. உட்கார்ந்தால் டீ வரும். வடையும் வரலாம்.

டீயோடு விசாரணை. “எப்ப வாங்கினது?” “சுனாமிக்குப் பொறவுதான் அண்ணாச்சி.” பொய் சொன்னார் என்று யாரும் குற்றம் சாட்ட முடியாது. 2004 டிசம்பரில் வந்த சுனாமிக்கு அடுத்த நாளும் பிறகுதான், போன மாதமும் பிறகுதான். அண்ணாச்சி மறுத்துப் பேசாமல், மாட்டுப்பிடியில் அடித்திருக்கிற எண் தகட்டைத் துண்டால் துடைத்துப் பார்ப்பார். எண் சுரண்டப்பட்டிருந்தால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார். இந்த ஒரு விஷயத்தில் அவரிடம் விளையாட்டே கிடையாது.

பிறகு கியர் ஆயில். அடித் திருகைத் தளர்த்தி இரண்டு சொட்டை விரலில் ஏந்தித் தேய்ப்பார். கறுப்பாக இருந்தால் பழையது, அவ்வளவுதான். ஹார்லிக்ஸ் நிறத்தில் வந்தால் சீல் போய்க் கடல்நீர் உள்ளே குடிபுகுந்துவிட்டது என்று பொருள். பிளக்கைக் கழற்றி, ஓட்டையைக் கட்டைவிரலால் பொத்திக்கொண்டு, “இழுல” என்பார். விரலைக் காற்று எவ்வளவு வேகமாக எட்டித் தள்ளுகிறது என்பதுதான் கம்ப்ரஷன் கணக்கு. மெக்கானிக் பையன்கள் இதற்கு கேஜ் வைத்திருக்கிறார்கள். இரண்டு சிலிண்டருக்கும் வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் பயமில்லை என்பார்கள். நான் கேஜ் கட்சி. அண்ணாச்சி காதுபட இதைச் சொன்னதில்லை.

அவர் உண்மையில் தேடுவது ஒன்றைத்தான்: முங்கின இஞ்சினா? அலையில் வள்ளம் கவிழ்ந்து ஒருமுறை உப்புநீர் குடித்து, உடனே பிரித்துக் கழுவாமல் விட்ட இஞ்சினுக்குள் பேரிங் துருப்பிடித்துக்கொண்டே இருக்கும். வெளியே தெரியாது. எந்த விற்பவரும் முங்கியதாகச் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. அண்ணாச்சி ஃப்ளைவீலுக்கு அடியில் தீக்குச்சியை விட்டுக் கிண்டி வெளியே எடுப்பார். முனையில் நாலு மணல். “இது என்னது வே, சீனியா?”

கடைசியில் தண்ணீர் நிரப்பிய டிரம்மில் இறக்கி ஓட்டிப் பார்ப்பார்கள். வெறுமனே ஓட்டினால் இம்பெல்லர் ரப்பர் கருகிப்போகும். பின்பக்கத் துளை வழியே தண்ணீர் ஒரே சீராகப் பீச்சினால் குளிர்விக்கிற பம்ப் நலம். சொட்டுச் சொட்டாக வந்தால் அண்ணாச்சி, “சுகர் இருக்கும் போல” என்று முகத்தைச் சுளிப்பார்.

இத்தனையும் வாங்குகிறவன் பக்கம் நின்றபோது. அதே இஞ்சினை அடுத்த வருஷம் அவனே விற்கும்போதும் அண்ணாச்சிதான் வருவார், இந்த முறை விற்கிறவன் பக்கம். போன வருஷம் “பெயின்ட்கூட அடிக்காமப் போட்டு வச்சிருக்கான்” என்று ஏசிய வாய், “பெயின்ட் அடிச்சு ஏமாத்தாத இஞ்சினு” என்று புகழும். தேய்ந்த விசிறி, “நல்லாப் பழகின விசிறி” ஆகிவிடும். எவின்ரூட் பெயரில் இஞ்சின் தயாரிப்பதை 2020ஆம் ஆண்டே நிறுத்திவிட்டார்கள், உதிரிபாகத்துக்கு எங்கே போவது என்று யாராவது கேட்டால், “அதான் சொல்லுதேன், இனிமே இந்த இஞ்சினு கெடைக்கவே கெடைக்காது” என்பார்.

விலை மட்டும் அவர் வாயிலிருந்து முதலில் வராது. புது இஞ்சின் இன்று கடையில் என்ன விலை என்று தெரிந்து வைத்திருப்பார். மாற்றவேண்டிய சீல், இம்பெல்லர், பிளக் எல்லாவற்றையும் மனசுக்குள் கழித்திருப்பார். ஆனால் அந்தக் கணக்கைவிடக் காலண்டர்மேல்தான் அவருக்கு நம்பிக்கை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. கரையில் மீன் குறைவதால் வள்ளத்து மீனுக்கு விலை ஏறும், கூடவே ஓட்டை இஞ்சினுக்கும் மவுசு ஏறும். “சித்திரையில இஞ்சினு தேடுதவன் முட்டாப்பய” என்று அவனை வைத்துக்கொண்டே சொல்வார். அப்புறம் விற்பவர் வீட்டில் கல்யாணமா, வட்டிக்காரன் நெருக்குகிறானா என்று பின்கட்டில் இருக்கிற மதினியிடம் நலம் விசாரிப்பதுபோல் தெரிந்துகொண்டு வருவார். நியாய விலையில் பாதி இஞ்சினுக்குள் இருக்கிறது, மீதி அந்த வீட்டு அடுப்பங்கரையில்.

அறுபதாயிரத்தில் தொடங்கி நாற்பத்தைந்துக்கு இறங்கியிருப்பார் விற்பவர். வாங்குகிறவன் நாற்பத்து மூன்றில் ஏறாமல் நிற்பான். இரண்டாயிரத்தில் பேச்சு முறியப்போகும். இரண்டு பேரும் அண்ணாச்சிக்குச் சொந்தம்; நாளைக்கு இரண்டு வீட்டு விசேஷத்திலும் அவர் இலை போட்டு உட்கார வேண்டியவர். “சரி, நாப்பத்து மூணு. டேங்கும் ஹோசும் அவன்கிட்டயே இருக்கட்டும். முடிஞ்சுது, போங்க.” கமிஷனா? சொன்னால் கோபித்துக்கொள்வார்.

இஞ்சின் இல்லாதவனுக்கு டேங்க் எதற்கு? சாயங்காலத்துக்குள் அது அண்ணாச்சி வீட்டுக் கொல்லைக்குப் போய்விடும். அங்கே ஏற்கெனவே ஏழெட்டு விசிறி, கயிறு அறுந்த ஸ்டார்ட்டர், சைக்கிள் பிரேம் எல்லாம் குடியிருக்கின்றன. மறுநாள் காலையில் வாங்கினவன் வருவான். “அண்ணாச்சி, டேங்கு ஒண்ணு வேணுமே.”

“பழசு ஒண்ணு கெடக்கு, பாரு.”

அவன் புரட்டிப் புரட்டிப் பார்ப்பான். விலை நியாயம்தானா என்று கேட்க ஊரில் வேறு ஆளும் இல்லை.

“ரெண்டாயிரம் குடு. ஒனக்காகச் சொல்லுதேன்.”