பூனைக்கு முறைப் பாசனம்

தஞ்சாவூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு நெல் கொட்டிவைக்கும் பத்தாயம் இருந்தவரை பூனைக்கு யாரும் சாப்பாடு போட்டதில்லை. பத்தாயமே போட்டது, எலியாக. எலி உடம்பில் சுமார் 70 சதவீதம் தண்ணீர். குடிநீர்த் திட்டமும் அதிலேயே அடக்கம்.

இப்போது நெல் களத்திலிருந்து நேரே கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது, பூனை சோபாவுக்கு வந்துவிட்டது. தயிர்சாதம் போட்டு அதைச் சைவமாக்கிவிட்டோம். அது சம்மதித்ததாகத் தகவல் இல்லை. சோற்றில் டாரின் என்ற சத்து கிடையாது. அது குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலும் செரிக்காது. பாக்கெட் உலர்தீனியிலோ ஈரம் 10 சதவீதம்தான். பாலைவனப் பூனையின் வம்சம் வேறு, தாகத்தை லேசில் காட்டாது.

மேட்டூர் அணை பாசனத்துக்கு ஜூன் 12-ல் திறக்கட்டும், திறக்காமல் போகட்டும். கிண்ணத்துத் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். ஆண்பூனை சிறுநீர் போகாமல் முக்கினால் அன்றைக்கே ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.